கண்ணை மூடினால் மூச்சு முட்டுகிறது என்கிறான் மகன்

ஒரு தாய் நீளமாக எழுதியிருக்கிறார். பெயர், ஊர், பள்ளி எதுவும் வெளியே வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். கடிதத்தில் இருப்பது இதுதான்.

அவருக்கு 14 வயதில் மகள், 11 வயதில் மகன். இருவரும் ஒரே பள்ளி. இந்தக் கல்வியாண்டில் இருந்து தினமும் முதல் பாடவேளைக்கு முன்னால் 10 நிமிடம் மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு நடக்கிறது. பெற்றோருக்கு வந்த சுற்றறிக்கையில் அதை ‘நினைவாற்றல் பயிற்சி’ என்று போட்டிருந்தார்கள். ஒரு மணியோசை, அப்புறம் எல்லோரும் கண்ணை மூடி, மூச்சை மட்டும் கவனித்து, மனதைக் காலியாக வைத்திருக்க வேண்டும். மகளுக்கு இது பிடித்துப்போய், தேர்வுக்கு முன்னால் தானாகவே செய்கிறாள். மகனுக்கோ இரண்டாவது வாரத்தில் இருந்து காலையில் வயிற்றுவலி. வகுப்பில் கண்ணைத் திறந்து பக்கத்துப் பையனைப் பார்த்துச் சிரித்ததாக ஆசிரியர் டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார். ஏன் என்று கேட்டபோது, “கண்ணை மூடுனா மூச்சு முட்டுதும்மா” என்று ஒரு தடவை சொன்னான், அதோடு சரி. கணவர், “அக்காவால முடியுது, உன்னால ஏன் முடியாது?” என்று இரவில் வீட்டிலும் 10 நிமிடம் உட்கார வைக்கிறார். அவன் அழுதுகொண்டே உட்காருகிறான்.

தாய் கேட்பவை: இது பிடிவாதமா, மனசு பலவீனமா? இதற்குள் ஏதாவது மதம் இருக்கிறதா? வகுப்பில் இருந்து எடுத்துவிட எனக்கு உரிமை உண்டா? எடுத்துவிட்டால் ஞாபகசக்தியில் மற்றப் பிள்ளைகளுக்குப் பின்னால் போய்விடுவானா? கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: “மூன்று வருஷத்துக்கு முன்னால் வீசிங் வந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான், மற்றபடி உடம்புக்கு ஒன்றும் இல்லை.”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்தக் கடைசி வரிதான். அதை அவன் சொன்ன அந்த ஒரே வாக்கியத்தின் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். கண்ணை மூடினால் மூச்சு முட்டுகிறது என்கிறான். மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் இருந்தவன் அவன்.

மூச்சைக் கவனிப்பதுதான் இந்தப் பயிற்சியிலேயே எளிதானது என்று பலரும் நினைக்கிறார்கள். எல்லோரிடமும் இருப்பது, எப்போதும் இருப்பது, செலவில்லாதது என்பதால் முதல் பாடமாக அதையே வைக்கிறார்கள். ஆனால் மூச்சு எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுபோல் இல்லை. மூச்சிரைப்பு வந்த பிள்ளைக்கு மூச்சு என்றாலே ஒரு ராத்திரி ஞாபகம் வரும். நெஞ்சு இறுகியது, பெரியவர்கள் ஓடியது, அம்மாவின் முகம் மாறியது எல்லாம் அதோடு சேர்ந்து வரும். அப்போது அவனுக்கு 8 வயது. அவனிடம் கண்ணை மூடச் சொல்லி, வேறு எதையும் பார்க்காமல் மூச்சை மட்டும் பார் என்றால், அவன் உண்மையிலேயே மூச்சைத்தான் பார்ப்பான், பயந்துகொண்டு பார்ப்பான். சாதாரணமாகக் கண்டுகொள்ளாமல் விடுகிற ஒரு சின்ன இறுக்கம் அப்போது பெரிதாகத் தெரியும். பயம் வந்தால் மூச்சு வேகமாகும். மூச்சு வேகமானால் இன்னும் முட்டுவது போலத் தோன்றும். தப்பிக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி கண்ணைத் திறந்து பக்கத்துப் பையனைப் பார்ப்பது. டைரியில் எழுதப்பட்ட அந்தச் சிரிப்பைக் குறும்பாக நான் படிக்கவில்லை. பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று தேடியிருக்கிறான் என்றே படிக்கிறேன்.

எனவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: பிடிவாதமும் இல்லை, பலவீனமும் இல்லை. தனக்குள் என்ன நடக்கிறது என்று கவனித்து, அதைச் சரியான வார்த்தையில் சொல்லியிருக்கிறான். அந்த வகுப்பு பிள்ளைகளிடம் வளர்க்க நினைப்பதும் அந்தத் திறமையைத்தான்.

முதலில் மருத்துவரைப் பாருங்கள்

மேலே சொன்னது என் ஊகம். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். மூச்சு முட்டுகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், அது மனசு சம்பந்தப்பட்டது என்று முடிவு செய்வதற்கு முன்னால் நெஞ்சைச் சோதிக்க வேண்டும். ஆஸ்துமாவின் தொந்தரவுகள் பலருக்கும் இரவிலும் விடியற்காலையிலும்தான் அதிகமாக இருக்கும். அந்த வகுப்பு நடப்பதும் காலையில். ராத்திரி இருமுகிறானா, ஓடி விளையாடும்போது பாதியில் நின்றுவிடுகிறானா, மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் வருகிறதா, அந்த அறையில் மட்டும்தான் தொந்தரவா என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வயிற்றுவலியையும் சொல்லுங்கள், விடுமுறை நாளில் வருகிறதா இல்லையா என்பதோடு. இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் ஒன்று பள்ளியில் அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், அதை எப்போது, எப்படிப் பயன்படுத்துவது என்று வகுப்பு ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முழுசாக ஒரு வாக்கியம் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ காத்திருக்கக் கூடாது, உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

மருத்துவர் பார்த்து முடிக்கும் வரை வீட்டில் இரவு நேரப் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். இதை உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லலாம். அவர் மகன்மேல் அக்கறை இல்லாமல் செய்யவில்லை, அது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் அழுதுகொண்டே மூச்சைக் கவனிக்கிற பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: என் மூச்சைக் கவனித்தால் எனக்கு அழுகை வரும்.

‘நினைவாற்றல்’ என்ற வார்த்தை செய்த குழப்பம்

உங்கள் கடிதத்தில் பாதிக் கவலை அந்தச் சுற்றறிக்கையின் தலைப்பில் இருந்து வந்தது என்று தோன்றுகிறது. மைண்ட்ஃபுல்னஸ் என்பதைத் தமிழில் ‘நினைவாற்றல்’ என்று போடுவது இப்போது நிறைய இடங்களில் பார்க்கிற தவறு. படித்ததை மறக்காமல் இருக்க உதவும் பயிற்சி போலிருக்கிறது, விட்டால் மார்க் போய்விடும் என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். பயிற்சியில் உண்மையில் இருப்பது விழிப்போடு கவனிப்பது. இந்த நிமிடம் என்ன கேட்கிறது, உடம்பில் என்ன தெரிகிறது, மனதில் என்ன ஓடுகிறது என்று, அதைத் திட்டாமல், திருத்தாமல் பார்ப்பது. வேர்ச்சொல்லில் நினைவு இருக்கிறது என்பது உண்மைதான். பழைய பௌத்த நூல்கள் இருக்கும் பாலி மொழியின் ‘ஸதி’ என்ற சொல், நினைவு என்று பொருள்படும் சமஸ்கிருத ‘ஸ்ம்ருதி’யோடு தொடர்புடையது. அதை 1881இல் ரீஸ் டேவிட்ஸ் என்ற அறிஞர் ஆங்கிலத்தில் மைண்ட்ஃபுல்னஸ் என்று மொழிபெயர்த்தார். அந்த வழியாக வந்த சொல் இது. ஆனாலும் பாடத்தை மனப்பாடம் செய்வதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. உங்கள் மகன் இதில் சேராவிட்டால் ஞாபகசக்தியில் யாருக்கும் பின்னால் போகமாட்டான்.

இன்னொரு தவறான எண்ணம், மனது காலியாக வேண்டும் என்பது. இதைப் பள்ளியில் சொன்னார்களா, பிள்ளைகளே அப்படிப் புரிந்துகொண்டார்களா தெரியவில்லை. மனது காலியாகாது. உங்களுக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது. கவனம் எங்கோ போய்விட்டது என்று தெரிந்து, அதைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவதுதான் பயிற்சி. பத்து நிமிடத்தில் நாற்பது தடவை மனம் ஓடி நாற்பது தடவை திரும்பி வந்த பிள்ளை நன்றாகவே செய்திருக்கிறது. ஆனால் காலியாக வேண்டும் என்று நம்பி உட்காரும் பிள்ளைக்கு ஒவ்வொரு எண்ணமும் தோல்வியாகத் தெரியும். ‘எனக்கு மட்டும்தான் வரமாட்டேங்குது’ என்று என் முன்னால் உட்கார்ந்து சொன்ன பிள்ளைகளை எண்ண முடியாது. பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த எல்லாப் பிள்ளைகளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தன என்று தெரிந்தால் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

மதம் பற்றிக் கேட்டீர்கள். வேர் பௌத்தத்தில் இருக்கிறது. பள்ளிகளுக்கு வந்த வடிவம் பெரும்பாலும் மருத்துவமனை வழியாக வந்தது. 1979இல் ஜான் கபாட் சின் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத வலியோடும் நோயோடும் இருந்தவர்களுக்காகப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். அதில் வழிபாடோ மந்திரமோ கிடையாது. உங்கள் பள்ளியில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதை அந்தப் பாடக்குறிப்பைக் கேட்டு வாங்கிப் படித்தே தெரிந்துகொள்ளலாம்.

அந்த 1979 வகுப்பில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அங்கே வந்தவர்கள் பெரியவர்கள். எதற்கு வந்தோம் என்று தெரிந்து, தாங்களே சம்மதித்து வந்தவர்கள். வேண்டாம் என்றால் எழுந்து போகக்கூடியவர்கள். உங்கள் மகன் வகுப்பில் யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. மணி அடித்ததும் கண்ணை மூட வேண்டும், மூடாவிட்டால் டைரியில் குறிப்பு வரும். பயிற்சி ஒன்றாக இருந்தாலும் உட்காருகிறவரின் நிலை முற்றிலும் வேறு. பள்ளிகள் இந்த வித்தியாசத்தை இன்னும் போதுமான அளவு யோசிக்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பிள்ளைகள் இதை எப்படி அனுபவிக்கிறார்கள்

பல வருடங்களாகப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டு வருகிறேன். ஒரே மாதிரி பதில் வருவதே இல்லை. மணியோசை எந்த இடத்தில் முடிகிறது என்று கேட்பது பிடிக்கும் என்பார்கள் சிலர். நாள் முழுக்க யாரும் எதுவும் கேட்காத நேரம் அதுதான் என்று ஒரு பெண் சொன்னாள். சிலருக்கு வெறும் சலிப்பு, சிலருக்குத் தூக்கம். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பெரிய சங்கடமே, கண்ணை மூடியிருக்கும்போது யார் என்னைப் பார்க்கிறார்கள் என்பதுதான். வீட்டில் முந்தின நாள் சண்டை நடந்திருந்தால் அந்த அமைதியில் அது முழுச் சத்தத்தோடு திரும்பி வரும். யாரையாவது இழந்த பிள்ளைக்கு அந்த முகம் வரும். இவ்வளவும் ஒரே அறையில், ஒரே பத்து நிமிடத்தில் நடக்கும். வெளியே இருந்து பார்க்கிற ஆசிரியருக்கு எல்லாம் ஒரே அமைதியாகத் தெரியும்.

ஆய்வுகளும் ஏறக்குறைய இந்தக் கலவையைத்தான் காட்டுகின்றன. 2019இல் 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பிள்ளைகளுக்குச் சிறிய அளவில் நன்மை தெரிந்தது. 2022இல் பிரிட்டனில் இருந்து இன்னும் பெரிய ஆய்வு ஒன்று வெளிவந்தது. 80க்கும் மேற்பட்ட பள்ளிகள், 11 முதல் 13 வயது வரை உள்ள 8,000க்கும் அதிகமான பிள்ளைகள். வழக்கமாக நடக்கும் வாழ்க்கைத்திறன் பாடங்களைவிட மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு பிள்ளைகளின் மனநலத்துக்குக் கூடுதலாக உதவியதாக அதில் தெரியவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. ஏற்கெனவே மனநலச் சிக்கல் இருந்த பிள்ளைகளில் சிலருக்கு இது பொருந்தாமல் போயிருக்கலாம் என்ற அறிகுறியும் இருந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் பணிச்சோர்வுதான் குறைந்தது.

இதைச் சொல்வது பயிற்சியைக் குறைசொல்ல அல்ல. உங்கள் மகளுக்கு அது நிஜமாகவே உதவுகிறது, அதைக் கெடுத்துவிட வேண்டாம். ஆனால் ‘எல்லாப் பிள்ளைக்கும் நல்லது, ஒத்துக்கொள்ளாத பிள்ளையிடம்தான் கோளாறு’ என்று யாராவது உங்களிடம் சொன்னால் நீங்கள் தலையாட்ட வேண்டியதில்லை.

மூன்று வழிகள், என் சாய்வு

அப்படியே தொடரவிடுவது ஒரு வழி. அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பழகப் பழகச் சரியாகிவிடும் என்பது இங்கே பொருந்தாது, ஏனென்றால் இப்போது பழகிக்கொண்டிருப்பது பயம்.

உடனே முழுசாக எடுத்துவிடுவது இன்னொரு வழி. வயிற்றுவலி சீக்கிரமே நின்றாலும் நிற்கும். ஆனால் எல்லோரும் உள்ளே இருக்க இவன் மட்டும் தினமும் வராந்தாவில் நின்றால், தன்னிடம் ஏதோ சரியில்லை என்ற எண்ணம் அங்கேயே ஊறிவிடும். மூச்சைப் பற்றிய பயமும் தீராமல் அப்படியே இருக்கும்.

நான் சாய்வது மூன்றாவது வழிக்கு. வகுப்பில் இருக்கட்டும், ஆனால் கண்ணைத் திறந்தபடி, மூச்சை விட்டுவிட்டு. கவனத்தை வைக்க வேறு எத்தனையோ இடம் இருக்கிறது. தரையில் பதிந்திருக்கும் பாதம், மடியில் இருக்கும் இரண்டு கை, ஜன்னலுக்கு வெளியே வந்துபோகிற சத்தம், கையில் ஒரு கூழாங்கல். எது பிடிக்கிறது என்று அவனே தேர்ந்தெடுக்கட்டும். வேண்டாம் என்று தோன்றினால் படம் வரையலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்ற உறுதியும் அவனுக்கு வேண்டும். மூன்று நான்கு வாரம் இப்படிப் பாருங்கள். அப்போதும் காலையில் வயிறு வலித்தால் குற்ற உணர்ச்சி இல்லாமல் எடுத்துவிடுங்கள். பள்ளிக்கே போகமாட்டேன் என்பது, ராத்திரி தூங்கப் பயப்படுவது, மூச்சுப் பயம் மற்ற நேரங்களிலும் வருவது என்று நீண்டால் குழந்தைகள் மனநல நிபுணரை நேரில் பாருங்கள். பள்ளி வகுப்பு சிகிச்சை ஆகாது.

உரிமை பற்றி: ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989இல் ஏற்கப்பட்டது. தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் குழந்தை தன் கருத்தைச் சொல்லவும், அதற்கு வயதுக்கேற்ற மதிப்புக் கிடைக்கவும் உள்ள உரிமையை அதன் 12வது பிரிவு சொல்கிறது. 14வது பிரிவு சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம் பற்றியது. வகுப்பில் இருந்து விலக்குக் கேட்கும் நடைமுறை பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆனால் உடல்நலக் காரணத்தைச் சொல்லி, மருத்துவரின் குறிப்போடு மாற்றம் கேட்டால் அக்கறையுள்ள எந்தப் பள்ளியும் கேட்டுக்கொள்ளும். எழுத்தில் கொடுங்கள், ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். சண்டைக்குப் போகிற தொனி வேண்டாம். ஆசிரியருக்கு அவனுடைய வீசிங் பற்றித் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம், தெரிந்திருந்தால் அந்தக் குறிப்பை எழுதியிருக்கமாட்டார்.

பள்ளியில் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

கண்ணைத் திறந்து வைத்திருக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் அனுமதி உண்டா? எல்லோருக்கும் உண்டு என்றால் உங்கள் மகன் தனித்துத் தெரியமாட்டான்.

சொல்லிக்கொடுப்பவர் தானே இதைப் பயின்றவரா, அல்லது ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு வருகைப்பதிவேடு எழுதுகிறாரா?

ஒரு பிள்ளை பயந்தாலோ அழுதாலோ யார் என்ன செய்வார்கள்? வீட்டுக்கு எப்படித் தெரிவிப்பார்கள்?

கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லை என்றால், அந்த வகுப்பு இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம்.

அவனிடம் பேசுவது

இதுதான் எனக்கு மிக முக்கியம். மூன்று பக்கக் கடிதத்தில் ஆசிரியர் சொன்னது, கணவர் சொன்னது, மகள் சொன்னது எல்லாம் விரிவாக இருக்கிறது. அவன் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். உங்களைக் குறை சொல்லவில்லை. வயிறு வலிக்கிற பிள்ளையிடம் நாம் எல்லோரும் “ஏன்?” என்றுதான் கேட்போம். 11 வயதுப் பையனுக்கு ‘ஏன்’ என்பது விசாரணை மாதிரி இருக்கும். அவனுக்கே தெரியாத காரணத்தைக் கேட்கிறோம்.

எதிரே உட்கார வைத்துக் கேட்காதீர்கள். சேர்ந்து நடக்கும்போது, துணி மடிக்கும்போது, விளக்கை அணைத்த பிறகு கேளுங்கள். “கண்ணை மூடினதும் முதல்ல என்ன தெரியும்?” “உடம்புல எந்த இடத்துல முட்டுது, காட்டு.” “மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுதா?” பதில் வந்தால் உடனே ஆறுதல் சொல்லி மூடிவிடாதீர்கள். “ம்ம், அப்புறம்?” போதும். ஆஸ்பத்திரியில் இருந்த அந்த இரண்டு நாளைப் பற்றி அவனிடம் யாராவது பேசியிருக்கிறார்களா? பெரியவர்கள் அதை மறந்துவிட்டோம் என்பதால் அவனும் மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்கிறோம். “அன்னிக்கு நான் ரொம்ப பயந்துட்டேன்டா, நீ பயந்தியா?” என்று நீங்கள் முதலில் சொல்லிப் பாருங்கள்.

உங்கள் கணவர் அவனோடு எதையாவது செய்ய விரும்புகிறார், அந்த இரவுப் பத்து நிமிடத்தை வீணாக்க வேண்டாம். இருவரும் மாடியிலோ வாசலிலோ நின்று, எத்தனை விதமான சத்தம் கேட்கிறது என்று எண்ணட்டும். யார் அதிகம் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்க்கட்டும். அதுவும் விழிப்போடு கவனிப்பதுதான், அழுகை இல்லாமல். அக்காவோடு ஒப்பிடுவதை மட்டும் அவர் விட்டுவிட வேண்டும். கோபம் வரும்போதெல்லாம் ‘போய் மைண்ட்ஃபுல்னஸ் பண்ணு’ என்று அனுப்புவதும் வேண்டாம், பயிற்சி தண்டனையாகிவிடும். அக்காவிடம் வேறு ஒரு வேலை கொடுக்கலாம்: உனக்கு மனசு ஓடும்போது நீ என்ன செய்வாய் என்று தம்பிக்குச் சொல் என்று கேளுங்கள். அவளுக்கும் மனசு ஓடுகிறது என்று அவன் அவள் வாயாலேயே கேட்க வேண்டும்.

மருத்துவரைப் பார்த்துவிட்டு, பள்ளியிலும் பேசிவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். அந்தக் கடிதம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. அவன் சொன்னதை அவன் வார்த்தைகளிலேயே எழுதுங்கள்.